அப்பா அம்மா விளையாட்டு

அனுமந்தன்பட்டி
18.6.2023

விஜிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன். இரண்டாவதை என் வீட்டுக்காரர் பிரித்து வாசித்துவிட்டு, "பிள்ளையப் பத்தித்தான் கேக்குது. ரெண்டு வரி எழுதிப் போடு பவுனு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அனுஷ்கா என்னிடம்தான் இருக்கிறாள். ஆண்டிபட்டியில் உன் அப்பா அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களுக்கு அவள் கொலைகாரி பெற்ற பிள்ளை. எனக்கு அவள் என் தம்பி சுந்தரலிங்கம் பெற்ற பிள்ளை. அந்த நெற்றியும் மூக்கும் அவனுடையது.

ஜெயிலிலிருந்து போனில் பேச விடுவார்களாம். என் நம்பரைக் கொடுத்துவிடாதே. என் தம்பி தலையில் குழவிக்கல்லைப் போட்டவளின் குரலை என்னால் கேட்க முடியாது. கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்துவிடலாம்.

போலீசிடம் நான் சொன்னது உனக்குத் தெரிந்திருக்கும். என் தம்பி கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதிர்ந்து பேசமாட்டான். கோர்ட்டில் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பிள்ளை சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, ஆனாலும் இதுவரை ஒரு சொட்டு அழவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பவுனு


மதுரை, பெண்கள் சிறை
2.7.2023

அன்புள்ள மதினிக்கு,

பதில் போட்டதற்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. செய்தது நான்தான். அன்றைக்கே ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன்.

அனுஷ்காவுக்குப் பாலில் ஆடை படிந்தால் பிடிக்காது, வடிகட்டிக் கொடுங்கள். தலைக்குக் குளிப்பாட்டும்போது கண்ணில் தண்ணீர் விழுந்தாலும் சத்தம் போடமாட்டாள். நீங்களாகப் பார்த்துத் துடைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. அவள் பக்கத்தில் இருக்கும்போது சட்டென்று கையை ஓங்காதீர்கள். பரணில் இருந்து பாத்திரம் எடுப்பதாக இருந்தாலும், "அத்தை பாத்திரம் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நாங்கள் வாடகைக்கு இருந்த பழனிசெட்டிபட்டி வீட்டில் அவளுடைய துணிப் பொம்மை இருக்கும். வீட்டுக்காரம்மாவிடம் சாவி இருக்கிறது. முடிந்தால் எடுத்துக்கொடுங்கள்.

விஜி


அனுமந்தன்பட்டி
20.8.2023

விஜிக்கு,

பழனிசெட்டிபட்டி வீட்டைக் காலி செய்துவிட்டோம். பொம்மையைக் கொடுத்தேன். எங்கள் டிவி பழையதாகிவிட்டது, அதனால் தம்பியின் டிவியை எடுத்து வந்து நடுவீட்டில் வைத்திருக்கிறோம். அனுஷ்காவை யு.கே.ஜி.யில் சேர்த்தாயிற்று.

நீ என் தம்பியை மண்ணுக்குள் போட்டாய். பகவான் அவனை எனக்கு வேறு வழியில் திருப்பிக் கொடுத்திருக்கிறான். உன் வயிறு எரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் மகள் அப்படியே அவன்தான். ஸ்கூல் விட்டு வந்ததும் பையை பிரிட்ஜ் மேல் வைக்க எக்குகிறாள். அவன் ஹெல்மெட்டை அங்கேதானே வைப்பான்! பிறகு சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நடக்கிறாள். சோற்றில் குழி பண்ணி ரசத்தை ஊற்றச் சொல்கிறாள். முந்தாநாள் என் முன்னால் வந்து நின்று, அவன் குரலிலேயே, "பவுனக்கா, ஒரு காப்பி குடேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எனக்கே தெரியாத பழக்கமெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விரலில் மோதிரம் இல்லாவிட்டாலும், இருப்பது போலத் திருகித் திருகிக் கழற்றி டிவி பக்கத்தில் வைக்கிறாள். "எதுக்குத்தா மோதிரத்தக் கழட்டுற?" என்று கேட்டேன். "அப்பா கழட்டும்" என்றாள். பெற்ற பிள்ளை எதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறது பார்.

பவுனு


மதுரை
6.9.2023

அன்புள்ள மதினிக்கு,

அவள் ரசத்துக்குக் குழி பண்ணுவதைப் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. இங்கே வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன்.

மோதிரத்தைக் கழற்றுகிறாள் என்பதைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தை வாசித்தேன்.

மதினி, ஒரு கும்பிடு. அவள் மோதிரத்தைக் கழற்றினால் அதற்கு மேல் விளையாட விடாதீர்கள். கூப்பிட்டு ஏதாவது தின்னக் கொடுங்கள், இல்லையென்றால் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த டிவியை வேறு யாருக்காவது கொடுத்துவிட முடியுமா? ஏன் என்று கேட்காதீர்கள். என் மேல் இருக்கும் வெறுப்பு அப்படியே இருக்கட்டும். இதை மட்டும் செய்யுங்கள்.

விஜி


அனுமந்தன்பட்டி
14.11.2023

விஜி,

உன் கடிதம் எனக்கு ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. செத்தவனின் சாயலைக்கூட அவளிடம் விட்டுவைக்க உனக்கு மனசில்லை என்று நினைத்தேன். டிவியை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிள்ளை முனீஸ்வரி விளையாட வந்திருந்தாள். அவளுக்கும் அனுஷ்கா வயசுதான். இரண்டும் அப்பா அம்மா விளையாடின. அனுஷ்கா அப்பா, முனீஸ்வரி அம்மா. கொட்டாங்கச்சியில் மண்சோறு. நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அனுஷ்கா மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். சன்னலைச் சாத்தினாள். பிறகு முனீஸ்வரி பக்கத்தில் குனிந்து, மெதுவாக, கோபமே இல்லாமல், "சோறு ஏன் ஆறிப்போச்சு?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை சிரித்தது. அனுஷ்கா கையை மடக்கி அதன் முதுகில் குத்தினாள். முகத்தில் அடிக்கவில்லை. முதுகிலும் விலாவிலும் இடம் பார்த்துக் குத்தினாள்.

முனீஸ்வரி வீறிட்டு அலறினாள். நான் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தபோது, உன் மகள் என்னைப் பார்க்கவே இல்லை. முனீஸ்வரியைப் பார்த்து, "நீ தப்பா விளையாடுற. கத்தக் கூடாது. எங்கம்மா கத்தாது" என்றாள்.

முனீஸ்வரியின் தாய் வந்து வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனாள்.

நான் உன்னைக் கேட்கிறேன். இதை நீ சொல்லிக்கொடுத்தாயா? கோர்ட்டில் தப்பிப்பதற்காக, உள்ளே போகும் முன் பிள்ளைக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனாயா?

பவுனு


மதுரை
27.11.2023

மதினிக்கு,

நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை.

அவள் மறுபடி யாரையாவது அடித்தால் அதட்டாதீர்கள். பதிலுக்கு அடிக்கவும் செய்யாதீர்கள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்துவிடும்.

இதை ஷீபா மேடத்திடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு இலவச சட்ட உதவியில் கொடுத்திருக்கும் வக்கீல். குமுளிப் பக்கத்துக்காரர், நல்லவர். ஆனால் இது அவர் காதுக்குப் போனால் அனுஷ்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார். கூண்டில் நிறுத்தி அப்பா என்ன செய்தார், அம்மா என்ன செய்தாள் என்று கேட்பார்கள். அதற்கு நான் தூக்கில் தொங்கிவிடுவேன்.

விஜி


அனுமந்தன்பட்டி
21.1.2024

விஜிக்கு,

பொங்கல் முடிந்தது. துக்கம் என்பதால் நாங்கள் வைக்கவில்லை.

முனீஸ்வரி வருவதில்லை, அதனால் அனுஷ்கா பொம்மையோடு தனியாக விளையாடுகிறாள். இப்போது அவள் அம்மா ஆகிவிட்டாள். நேற்று கதவிடுக்கில் நின்று பார்த்தேன். கைத்துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தரையை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. "என்னத்தா பொறுக்குற?" என்றேன். "வளையல் சில்லு. வெறுங்கையால எடுத்தா குத்தும் அத்தை" என்றாள். பிறகு தேங்காய் எண்ணெயை முழங்கைக்கு மேலே தடவிக்கொண்டாள். எழுந்து போய்ச் சன்னலைத் திறந்து, வெளியே யாரும் இல்லாத தெருவைப் பார்த்து, "ஒண்ணுமில்லக்கா, பாத்ரூம்ல வழுக்கிருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு உன்னுடையது. வீரபாண்டித் திருவிழாவில், அந்த வேகாத வெயிலில் நீ முழுக்கை ரவிக்கை போட்டு வந்தாய். "வேர்த்து ஊத்துது, எதுக்குடி இது?" என்று கேட்டேன். "கைக்கு வெயில் ஒத்துக்கல மதினி" என்று இதே மாதிரிச் சிரித்தாய்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, சின்னச்சாமி என்றால் ஊரில் நியாயம் பேசுகிற ஆள். அவரே, "செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லப் போறானா? பேசாம இரு. நீ சாட்சி மாத்திச் சொன்னா சொந்தக்காரப் பயக நம்ம வாசல்ல கால் வைக்க மாட்டாக" என்கிறார்.

நான் அவனைத் தூக்கி வளர்த்தவள். எனக்குத் தெரிய வேண்டும். என் தம்பி உன்னை அடித்தானா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்றை எழுது.

பவுனு


மதுரை
4.2.2024

அன்புள்ள மதினிக்கு,

ஆம்.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் அவரை வளர்த்தவர். உங்களுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே அடித்தார். குடித்துவிட்டு அல்ல. கோபத்தில்கூட அல்ல. கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவதுபோல ஒரு வேலையாகச் செய்வார். தழும்பு விழக் கூடாது என்று மோதிரத்தைக் கழற்றுவார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று டிவியைக் கூட்டுவார். உங்களுக்குத் தெரியாமல் போனதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே அவ்வளவும். சத்தம் வெளியே போகாமல் இருக்க நானும் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். அவருக்காக அல்ல. அனுஷ்கா பயப்படுவாள் என்று.

அவள் பயப்படவில்லை மதினி. பழகிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் ஏதோ குறை. அவர் எழுந்து மோதிரத்தைக் கழற்றினார். ரிமோட்டைத் தேடினார். அனுஷ்கா அதை எடுத்து, அவளே சத்தத்தைக் கூட்டினாள். அவளே சன்னலைச் சாத்தினாள். பிறகு வந்து, நான் எப்போதும் உட்காரும் மூலையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தன் பாவாடை நுனியைச் சுருட்டி வாயில் திணித்தாள். கண்ணை இறுக மூடி, முதுகைக் காட்டிக் குனிந்து காத்திருந்தாள். நாலு வயசு மதினி அவளுக்கு.

அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, பிள்ளைக்குத் தெரியுது" என்றார்.

கழுவி வைத்த குழவி எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கொல்ல நினைத்தாயா என்று ஷீபா மேடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். நாளைக்கு இவளும் ஒரு வீட்டில் இப்படி மூலையில் உட்காருவாள் என்பது மட்டும்தான் அந்த நேரம் எனக்குத் தெரிந்தது.

அவள் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்காதே என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் விளையாட்டில் அது மட்டும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

விஜி


அனுமந்தன்பட்டி
11.8.2024

விஜி,

இத்தனை மாதமாக நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உன்மேல் கோபம் வரும். அடுத்த நிமிஷம் அவன்மேல் வரும். என் மடியில் படுத்து வளர்ந்த பயல். யாரிடம் போய் அழுவது?

தேனி கோர்ட்டில் போன வாரம் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நீ தலையைக் குனிந்தபடியே நின்றாய், அதனால் என் முகத்தைப் பார்த்திருக்கமாட்டாய். அரசு வக்கீல், "உங்க தம்பி அமைதியானவர், அப்படித்தானே?" என்று கேட்டார். "அமைதியானவன்தான்யா. அமைதியாத்தான் அடிச்சிருக்கான்" என்றேன். அவர் கோபப்பட்டு என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். போலீசில் சொன்னதை வாசித்துக் காட்டினார். அப்போது தெரியாது, இப்போது தெரியும் என்றேன்.

"யாராவது மிரட்டினார்களா அம்மா? எப்படித் தெரியும்?" என்று ஜட்ஜே கேட்டார். அனுஷ்கா பேரை எடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். எடுக்கவில்லை. ஆனால் வாயில் வேறொன்று வந்தது. வருகிறவரை அது என் மனசில் இருந்தது எனக்கே தெரியாது.

"எங்கய்யாவும் இப்படித்தான்யா. எங்க ஆத்தாவ அடிக்கிறப்ப ரேடியோவக் கூட்டி வைப்பாரு. என் தம்பிக்கு அப்ப நாலஞ்சு வயசு. தகர டப்பாவ ரேடியோன்னு வச்சு, சத்தத்தக் கூட்டுற மாதிரி அது காதத் திருகி, தலகாணியப் போட்டு அடிச்சு விளையாடுவான். வீட்டுக்கு வந்தவுக எல்லாம் அப்பன் மாதிரியே இருக்கான்னு சிரிப்பாக. நானும் சிரிச்சேன்யா" என்றேன்.

சிறை டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயை ஷீபா மேடம் காட்டினார். உன் விலாவில் இரண்டு எலும்பு முறிந்து, தானாகக் கூடியிருக்கிறதாம்.

வெளியே வந்தபோது என் சித்தப்பா மகன் என் காலடியில் துப்பினான். "செத்தவனத் தோண்டி எடுத்து அடிச்சிட்டியேடி" என்றான். என் வீட்டுக்காரர் இப்போது தோட்டத்து மோட்டார் அறையில்தான் படுக்கிறார். சோறு மட்டும் கொண்டுபோய் வைக்கிறேன். பேச்சு இல்லை.

டிவியைக் கொடுத்துவிட்டேன்.

பவுனு


மதுரை
9.1.2025

அன்புள்ள மதினிக்கு,

கொலைக் குற்றம் இல்லை என்றுவிட்டார்கள். ஏழு வருஷம். உள்ளே இருந்த காலம் கழியும். ஷீபா மேடம் அப்பீல் போகலாம் என்கிறார். எனக்கு அதைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. உங்கள் வீட்டில் உங்களுக்கு நான் உண்டாக்கியதை எப்படித் தீர்ப்பேன் என்றுதான் யோசிக்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் அனுஷ்காவைக் கூட்டி வந்தீர்கள். உயரமாகிவிட்டாள். முன்பல் விழுந்திருக்கிறது. அவ்வளவு கூட்டத்தில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நான் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் நீங்கள் தனியாக வந்தபோது ஒன்று சொன்னீர்கள். வீட்டுச் சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் பொம்மையை நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் நின்று "சாப்பிட்டியா? சாப்பிட்டியா?" என்று கத்துகிறாளாம். பிறகு தானே விசில் ஊதி, "டைம் முடிஞ்சது, போங்க போங்க" என்கிறாளாம். நீங்கள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி அவளைக் கூட்டி வராதீர்கள் மதினி. எதற்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேனோ அதுவே வீணாகிவிடும். அந்த வீட்டைக் கற்றுக்கொண்டது போதும். ஜெயிலையும் அவள் கற்க வேண்டாம். என்னை மறந்துபோனாலும் பரவாயில்லை. உங்களை அம்மா என்று கூப்பிட்டால் தடுக்காதீர்கள்.

விஜி


அனுமந்தன்பட்டி
2.2.2025

விஜிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, நீ சொல்வதும் சரிதான் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை அவளைக் கூட்டி வராமல் இருந்தது அதனால்தான். ஆனால் நேற்று ஒன்று நடந்தது.

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து. பந்தலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தவள் கம்பி தடுக்கி, கல்தூணில் மோதி விழுந்தாள். முழங்கால் கிழிந்துவிட்டது, நல்ல ரத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. ஒரு சத்தம் இல்லை. "அழுத்தா, வலிச்சா அழு" என்றேன். தலையை ஆட்டினாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவள் முன்னால் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு நானே அழுதேன். என் தம்பிக்கு, உன் விலா எலும்புக்கு, எங்கள் ஆத்தாவுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓவென்று அழுதேன். அனுஷ்கா என்னையே வெறித்துப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். பிறகு அவளும் மெல்ல வாயைத் திறந்தாள். முதலில் என்னைப் போலச் செய்துபார்க்கிற மாதிரித்தான் இருந்தது. அப்புறம் அது அவளுடைய அழுகையாகவே ஆகிவிட்டது. என்ன குரல் விஜி அவளுக்கு! கவாத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தரியோடு ஓடி வந்தார்கள். "அழட்டும், யாரும் சமாதானம் பண்ணாதீக" என்றேன். மோட்டார் அறையிலிருந்து என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். அழ அழ நடந்துகொண்டே இருந்தார்.

வரும் சனிக்கிழமை அவளைக் கூட்டி வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் வருவேன். நீ கம்பிக்குப் பக்கத்தில் வந்து நில். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே. அழுகை வந்தால் அழு, அத்தனை கூட்டத்திலும் அவளுக்குக் கேட்கிற மாதிரி அழு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன்.

பவுனு